அம்மா சாப்பிட மறுக்கிறார், என்ன கொடுப்பது?

சுன்னாகத்திலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சியின் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அம்மாவுக்கு 67 வயது. குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது. சில தரம் கீமோ மருந்து ஏற்றிப் பார்த்தபின், இனி ஏற்றிப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா சாப்பிடுகிறார் இல்லை. வலிக்குத் தந்த மோர்பினைக் கொடுக்கப் பயம். கனடாவில் இருக்கிற அண்ணா சேலைன் ஏற்றச் சொல்லுகிறார். அம்மாவுக்கு வருத்தத்தின் பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்டிருப்பது: "என்ன சாப்பாடு கொடுத்தால் அம்மா தேறுவா?"

சாப்பாட்டைப் பற்றிய கேள்விதான். ஆனால் வாசிக்கும்போது எனக்குக் கேட்டது இன்னொன்று: "நான் சரியாகப் பார்க்காததால்தானா அம்மா இப்படி மெலிந்து போகிறா?" அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, தங்கச்சி. நீங்கள் சமைக்காததால் அல்ல, ஊட்டத் தெரியாததாலும் அல்ல. ஏன் என்று கீழே சொல்லுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பல வருடம் புற்றுநோய் விடுதிகளில் போனது. பிறகு என் மாமியை, அதாவது கணவரின் தாயை, இதே வருத்தத்தோடு வீட்டில் வைத்துப் பார்த்தேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. ஆகவே மருந்தின் அளவையோ எத்தனை நாள் என்பதையோ நான் சொல்ல முடியாது. அதை அவரைப் பார்க்கிற டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டினியால் மெலிகிற உடம்பு வேறு, புற்றுநோயால் மெலிகிற உடம்பு வேறு. பட்டினி கிடந்தவருக்குச் சோறு கொடுத்தால் தசை திரும்பி வரும். முற்றிய புற்றுநோயில் கட்டியும், அதை எதிர்த்து நிற்கிற உடம்பும் சேர்ந்து சுரக்கிற பொருட்கள் பசியை அடக்கி, தசையை உள்ளுக்குள்ளேயே கரைக்கத் தொடங்கிவிடும். மேலதிகமாக ஊட்டினாலும் போன தசை முழுதாகத் திரும்பாது. இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். ஆனால் இதை வைத்துக்கொண்டு "வருத்தம் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் பிழை. சாப்பிடாமைக்குப் பின்னால், மாற்றக்கூடிய காரணம் ஒன்று பல வேளை ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேட வேண்டும்.

அதற்கு வேண்டியது ஒரு ரோச் லைட். ஒருமுறை விடுதியில் ஒரு ஆச்சியைப் பார்த்தேன். வீட்டார் பத்து வகை சமைத்துக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருந்தார்கள். புட்டு, முட்டைக்கோப்பி, ஆட்டெலும்பு சூப், மா கரைத்த போத்தல் வேறு. ஆச்சி எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அழுதுகொண்டே ஊட்டுகிறார், தாய் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். நான் பல்செட்டைக் கழற்றச் சொல்லி ரோச் அடித்துப் பார்த்தேன். நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் தயிர் ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. பூஞ்சணம். விழுங்கும்போது நெருப்பாக எரிந்திருக்கும். நிஸ்ரற்றின் என்ற சொட்டு மருந்தை நாளுக்கு நாலு தரம் வாயில் வைத்து விழுங்கக் கொடுத்தோம். சில நாளில் ஆச்சியே இடியப்பமும் சொதியும் கேட்டார். அன்று அவர் சாப்பிட்டது ஒன்றரை இடியப்பம். மகளுக்கு அது பெரிய விருந்து.

வாய்க்கு அடுத்தபடி பார்க்க வேண்டியவை: கடைசியாக எப்போது மலம் போனது, ஓங்காளம் இருக்கிறதா, வலி அடங்கியிருக்கிறதா, மனம் சோர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாரா. ஐந்து நாள் மலம் போகாதவருக்கு எந்த அமுதமும் இறங்காது. இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. கிளினிக்கில் "சாப்பிடுகிறா இல்லை" என்று மட்டும் சொன்னால் டொக்டரும் ஒரு சத்து மாவை எழுதித் தந்து அனுப்பிவிடுவார். "வாயில் வெள்ளையாக இருக்கிறது, ஆறு நாளாக மலம் போகவில்லை, காலையில் எழுந்ததும் ஓங்காளிக்கிறா" என்று சொன்னால் கதை மாறும். ஒரு சீஆர் கொப்பி வாங்கி இதையெல்லாம் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

இனிச் சாப்பாடு. பெரிய தட்டில் நிறையப் போட்டுக் கொண்டுபோய் வைக்காதீர்கள், பார்த்தவுடனே மலைப்பு வரும். தேத்தண்ணிச் சோசர் அளவில், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும். தாளிக்கிற மணமும் மீன் பொரிக்கிற மணமும் ஓங்காளத்தைக் கிளப்பும். வெளிக்குசினி இருந்தால் அங்கே சமையுங்கள். சூடான சாப்பாட்டை விட ஆறினதும் குளிர்ந்ததும் மணம் குறைவு. ஆகவே தயிர், மோர், ஐஸ்கிறீம், இளநீர், அரிசிக் கஞ்சி இறங்கும். வாய் புண்ணாக இருந்தால் ஒடியல் கூழின் உறைப்பும் தேசிக்காயும் வேண்டாம். நாக்கில் இரும்புச் சுவை என்று சொன்னால் பிளாஸ்டிக் கரண்டி. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், இளஞ்சூட்டு நீர் ஒரு கோப்பையில் அப்பச்சோடா கால் தேக்கரண்டியும் உப்பு அதில் பாதியும் கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். பழவகை மட்டும் கொடு, சீனியை நிறுத்து, சீனிதான் கட்டியை வளர்க்கும் என்று யாராவது சொல்லுவார்கள். சீனியை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீரிழிவு இல்லாவிட்டால், அவர் ஆசைப்பட்டுக் கேட்கிற பாயாசத்தைத் தடுக்கக் காரணமே கிடையாது.

சேலைன் விஷயத்தில் அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டாம், அவருக்குத் தூரத்திலிருந்து செய்யக்கூடியதாகத் தெரிவது அதுதான். வாந்தியால் அல்லது வயிற்றோட்டத்தால் நீர் வற்றிப்போனவருக்குச் சேலைன் உதவும். சாவு நெருங்குகிற உடம்புக்கு நிலைமை வேறு. சிறுநீரகமும் இருதயமும் தளர்ந்திருக்கையில் ஏற்றுகிற தண்ணீர் காலிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும், மூச்சு இன்னும் இழுக்கும். அந்த நிலையில் அது ஆயுளைக் கூட்டுமா என்பது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது, கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கடைசி நாட்களில் பெரும்பாலானவர்களுக்குத் தாகமாகத் தெரிவது வாய் காய்வதுதான். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் மணிக்கொரு தரம் ஒற்றினால் அது தணியும்.

மோர்பினைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் தேவையில்லாமல் நோகிறார்கள். மோர்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், மயங்கியே கிடப்பார், சீக்கிரம் போய்விடுவார் என்று மூன்று பயம். வலிக்காக, டொக்டர் சொன்ன அளவில் எடுக்கிறவர் அடிமையாவது அரிது. தூக்கம் முதல் இரண்டு மூன்று நாள் இருக்கும், பிறகு பெரும்பாலும் தெளியும். பல நாள் வலியில் கண் மூடாதவர் வலி அடங்கியதும் அடித்துப் போட்டது போலத் தூங்குவதும் உண்டு. சரியான அளவில் கொடுக்கிற மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்கு வாய் வழியாக, நேரம் பார்த்து, படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வெளியிட்டது. அதில் கடும் வலிக்குரிய மருந்து மோர்பின்தான்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒரு பிழை விட்டேன். மாமிக்கு இரவு பத்து மணிக் குளிசை கொடுக்க வேண்டும். நல்ல தூக்கம், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு மணிபோல எழும்பிப் பார்த்தால், மாமி சேலைத் தலைப்பை உருட்டிக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். கால் விரல்கள் படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. "ஏன் மாமி கூப்பிடேல்லை?" என்று கேட்டேன். "தம்பி வேலைக்குப் போகோணும், படுக்கட்டும்" என்றார். தம்பி என்றது தன் மகனை, என் கணவரை. வலி ஏறிவிட்டால் பிறகு அதை இறக்குவது கஷ்டம். அன்று விடியும்வரை இறக்க முடியவில்லை. ஆகவே வலி வந்த பிறகு கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண மோர்பின் ஏறக்குறைய நாலு மணித்தியாலம் வேலை செய்யும், மெதுவாகக் கரைகிற வகை 12 மணித்தியாலம். உங்களிடம் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாகக் கரைகிற குளிசையை விழுங்கக் கஷ்டம் என்று இடித்துக் கரைத்துக் கொடுக்கக் கூடாது, 12 மணித்தியால மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். இடையில் வலி கிளம்பினால் மேலதிகமாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள். உலுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனால், கைகால் துள்ளினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டொக்டரைக் கேளுங்கள்.

மோர்பின் எடுத்தால் மலச்சிக்கல் வரலாம் என்று சொல்லமாட்டேன். வரும். முதல் நாளிலிருந்தே லக்ருலோஸ், சென்னா போன்ற மலமிளக்கியையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் குடல் புற்றுநோய் என்பதால் ஒரு எச்சரிக்கை: வயிறு ஊதி, வாயுவும் போகாமல், வாந்தியும் எடுத்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கி கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோவுக்கென்று கடையில் டைக்குளோபினாக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம், இரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். பெனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கலாம். நல்ல உடம்புள்ளவருக்கே 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. ஈரலில் வருத்தம் இருக்கிற மெலிந்தவருக்கு அதிலும் குறைவு, எவ்வளவு என்று கேட்டே கொடுங்கள்.

பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாதவை சில. கடைசியாக மருந்து ஏற்றிச் சில வாரங்களே ஆகியிருந்தால், 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே இரவானாலும் போக வேண்டும். நோய் எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கிற நேரம் அது. முதுகு வலியோடு கால் திடீரெனச் சோர்ந்து சிறுநீரும் போகாவிட்டால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், இரத்தமாக வாந்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்தால், ஆள் திடீரெனத் தடுமாறிக் கதைத்தால் அப்படியே. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் கதவுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வையுங்கள்.

படுக்கைப் புண் வராமல் இருக்க, படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். சிவந்த தோலைத் தேய்க்காதீர்கள். வளையம் போன்ற தலையணையும் கையுறையில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் நன்மையை விடத் தீமைதான். கடன் வாங்கியாவது ஒரு காற்று மெத்தை எடுங்கள்.

இலை மருந்தைப் பற்றியும் கேட்பீர்கள். சிங்களத்தில் கட்டு அனோதா என்கிற முள் அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் போகும் என்று வட்ஸ்அப்பில் வராத வாரமில்லை. ஆய்வுகூடத்துக் குடுவையில் அந்தச் சாறு புற்றுக் கலங்களைக் கொன்றது உண்மை. மனிதரில் குணமாக்கியதாக நிறுவப்படவில்லை. மறுபக்கம், அதைத் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் நோயைப் போன்ற நரம்பு வருத்தம் கூடுதலாகக் காணப்பட்டதைக் குவாதலூப் தீவில் கவனித்திருக்கிறார்கள். சித்த மருந்தில் நம்பிக்கை இருந்தால் படித்துப் பதிவு செய்த வைத்தியரிடம் போங்கள், இன்ன பஸ்பம், இன்ன செந்தூரம் என்று ஆஸ்பத்திரி டொக்டருக்கும் சொல்லுங்கள். பாதரசம் கலந்தவை தளர்ந்த ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தாங்காது. விபூதி, நேர்த்தி, துர்க்கையம்மன் கோயில் தீர்த்தம் எல்லாம் அவர் விருப்பம். அவற்றை நான் எந்த நாளும் தடுத்ததில்லை.

இனி அந்தப் பெயர் சொல்லாத விஷயம். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் "மகரகமவுக்குக் கொண்டு போனவையாம்" என்றால் போதும், ஊருக்கு விளங்கிவிடும். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான். நானூறு கிலோமீற்றர் பயணம். 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்த பிறகு பயணம் குறைந்தது. இப்போது "தெல்லிப்பழைக்குப் போறம்" என்பதே அந்தப் பெயராகிவிட்டது. உங்கள் அம்மா அந்த வாசலால் எத்தனை தரம் போய் வந்தார்? மற்ற நோயாளிகளின் பக்கத்தில் வாங்கில் இருந்து என்ன கதைத்திருப்பார்? அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நினைப்பதை நான் நம்பவில்லை.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எனக்கு நினைவில் இருக்கிறார். வீட்டார் அவருக்கு அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ஊசி போடும்போது என்னிடம் மெதுவாக, "மிஸி, எனக்குத் தெரியுமெண்டு மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா" என்றார். மனைவி அவருக்காக மறைக்கிறார், அவர் மனைவிக்காக மறைக்கிறார். வீட்டுக் காணியை இளைய மகளின் பெயருக்கு எழுத வேண்டும் என்ற யோசனை அவருக்கு இருந்தது. அதை எடுத்தால் உண்மை வெளிவரும் என்று தள்ளிப்போட்டார். கடைசியில் நொத்தாரிசைக் கூப்பிட்டபோது அவரால் பேனை பிடிக்க முடியவில்லை.

அதற்காக இன்றைக்கே போய் அம்மாவுக்கு எல்லாவற்றையும் கொட்டுங்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவரும் உண்டு, அதுவும் அவர் உரிமை. பின்னேரம் ஆட்கள் இல்லாத நேரம் பக்கத்தில் இருந்து, "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தமெண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். அவர் கதையை மாற்றினால் விடுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "மாறுமோ?" என்று கேட்டால், "மாத்த ஏலாதெண்டு சொல்லுகினம் அம்மா, நோகாமல் பாக்கலாம், நான் பக்கத்திலை இருப்பன்" என்று சொல்லலாம். அழுதால் சேர்ந்து அழலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே இருக்க விரும்புகிறார், யாரைப் பார்க்க வேண்டும், இழுக்கிற நேரம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்க முடியும்.

நீங்கள் ஒரு ஆள் இரவு பகல் பார்க்க முடியாது. அண்ணா காசு அனுப்புகிறார் என்றால், சேலைனுக்குப் பதிலாக வாரத்தில் மூன்று இரவுக்கு ஒரு ஆளை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவோடு அரை மணித்தியாலம் வீடியோவில் பழைய கதை கதைக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் குளியுங்கள். பார்க்க வருகிற சனத்தைப் பற்றியும் ஒன்று. நெஸ்ரமோல்ட் பேணியோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஐயோ, எப்பிடி இருந்த மனுசி" என்று ஒப்பாரி வைக்கிற பெரியம்மா ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. விறாந்தையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்து அங்கேயே அனுப்பிவிடுங்கள், பாவம் ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். இது தொற்றுகிற வருத்தம் இல்லை, கோப்பையும் தட்டும் வேறாக வைக்கத் தேவையில்லை.

கடைசி நாட்களில் தூக்கம் கூடும், கைகால் குளிரும், சிறுநீர் குறையும். மூச்சு கொஞ்ச நேரம் நின்று திரும்ப வரும். தொண்டையில் சளி கரகரக்கும். கேட்கிற எங்களுக்கு அது பயங்கரம். ஆனால் நினைவு மங்கிய அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். அப்போது வாயில் பால் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போகும். சொந்தக்காரர் வற்புறுத்தினால் பஞ்சில் ஒரு துளி தோய்த்து உதட்டில் தடவட்டும். கதைத்துக்கொண்டிருங்கள், அவருக்குக் கேட்கக்கூடும். வீட்டில் முடிந்தால் கிராம சேவகருக்கு அறிவிக்க வேண்டும். கிளினிக் கொப்பி கையில் இருந்தால் பதிவு வேலைகள் இழுபடாது.

இதெல்லாம் பிறகு. இன்றிரவு செய்ய வேண்டியது இரண்டுதான். டொக்டர் சொன்ன இரவு மோர்பினைத் தவற விடாதீர்கள். அது வேலை செய்யத் தொடங்கியதும் பல்செட் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு, ரோச்சை அடித்து வாயைப் பாருங்கள். நாக்கும் அண்ணமும் என்ன நிறம் என்று நாளைக்கு எழுதுங்கள்.